கதவில் சாத்திய கம்பு

பிப்ரவரி 19, 2024

அன்புள்ள ஒதார்க்கா அக்காவுக்கு,

யாரினா எழுதுகிறேன். நான் உயிரோடும் உடல்நலத்தோடும் இருக்கிறேன். நீயும், உன் மாடு ஸீர்க்காவும், அதன் வயிற்றிலுள்ள கன்றும் அப்படியே இருக்க வேண்டும்.

உங்கள் பக்கத்துப் போன் டவர் குண்டில் விழுந்த பிறகு உன் குரலைக் கேட்க வழியில்லை. ரொட்டி வண்டி பனாஸ்தான் யோசனை சொன்னான். "எழுதிக் குடுங்கம்மா, ரொட்டியோட ரொட்டியா கொண்டுபோய்ச் சேத்துடறேன்" என்றான். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு நான் கடிதமே எழுதியதில்லை. கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

போன வாரம் கணக்கெடுப்புக் குழுவோடு வெர்போவேக்கு வந்தபோது உன்னோடு பேசவே முடியவில்லை. பீட்ரூட் சூப்பைக் கொடுத்தாய், ஆனால் நான் எப்போது எழுந்து போவேன் என்று ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்கு மனது கஷ்டமாகிவிட்டது. எதிரி நாட்டின் எல்லை உங்கள் தோட்டத்துக்குப் பின்னால் இருக்கிறது. வியாழக்கிழமைதோறும் மாவட்ட அலுவலகத்திலிருந்து ஆட்களைப் பத்திரமான இடத்துக்கு ஏற்றிப்போகப் பேருந்து வருகிறது. அதில் யாரை ஏற்றுவது என்று எழுதுகிறவளே நான்தான். என் சொந்த அக்கா மட்டும் ஏற மாட்டேன் என்கிறாள். அலுவலகத்தில் என்னைக் கேலி செய்கிறார்கள்.

திரும்பும்போது பள்ளத்தைத் தாண்டி ஸாயாருக்கும் போனோம். அது இப்போது பக்கத்து மாவட்டம். நான்கு வருடத்துக்கு முன்பு சின்ன மாவட்டங்களையெல்லாம் கலைத்துப் பெரிதாக்கினார்களே, அப்போது எந்தப் புண்ணியவானோ பள்ளத்தின் நடுவே கோட்டைக் கிழித்துவிட்டான். மூன்று வீட்டுக்காக அவர்கள் சுற்றிக்கொண்டு வர வேண்டுமாம். "உங்க ஆளு அங்கதான போறாங்க, அப்படியே ஒரு எட்டுப் பாத்துடச் சொல்லுங்க" என்று போனில் சொன்னார்கள். இரண்டு வீட்டுக்குக் கூரையே இல்லை. என் பழைய மாமியார் மோத்ரியா வீட்டுக் கதவில் கம்பு சாத்தியிருந்தது. வீட்டில் ஆளில்லை என்று கம்பு சாத்திய கதவைத் தட்டும் வழக்கம் நமக்கு இல்லையே, திரும்பிவிட்டேன். எங்கே போனாள்? தெரிந்துகொள்ள ஆசையில்லை, சும்மா கேட்கிறேன்.

வியாழக்கிழமை வா. என் வீட்டில் உனக்குக் கட்டில் போட்டாயிற்று.

உன் அன்புத் தங்கை,
யாரினா


பிப்ரவரி 28

அன்புத் தங்கை யாரினாவுக்கு,

உன் அக்கா உயிரோடு இருக்கிறாள். முட்டியில் வலி உண்டு, நாக்கில் வலி இல்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

கன்று போடும்வரை நான் எங்கும் வருவதற்கில்லை. நிறைமாத மாட்டைப் பேருந்தில் ஏற்றி உன் மூன்றாவது மாடிக்குக் கூட்டி வரவா? பக்கத்து வீட்டுக் கிழவனும் கிழவியும் இன்னும் இருக்கிறார்கள். மூன்று பேர் இருந்தால் ஊர்தான்.

பனாஸிடம் இனி எனக்கு இரண்டு ரொட்டி கொடுத்துவிடச் சொல். குளிரில் பசி அதிகமாகிறது. பிறகு, இத்தோடு ஒரு பழைய மாத்திரை அட்டையை வைத்திருக்கிறேன். சர்க்கரைக்கு உள்ளது. அதே மாத்திரை ஒரு மாதத்துக்கு வாங்கி அனுப்பு.

ஸாயாரைப் பற்றிக் கேட்டிருந்தாய். கேட்காதே. நீதான் கம்பைப் பார்த்தாயே.

அந்தச் சாம்பல் நிறக் கோட்டைப் போட்டுக்கொண்டு எல்லைப் பக்கம் இனி வராதே. தூரத்திலிருந்து பார்த்தால் சிப்பாய் மாதிரி இருக்கிறாய்.

உன் அக்கா,
ஒதார்க்கா


மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமா? கேட்க வேண்டியதாகிவிட்டது. உனக்கு எப்போது சர்க்கரை வந்தது? போன மாதம் நான் வந்தபோதுகூட டீயில் மூன்று கரண்டி ஜாம் போட்டுக் குடித்தாயே! மருந்துக்கடைக்காரி அட்டையைப் பார்த்துவிட்டு, "இது ரொம்ப நாளா சர்க்கரை இருக்கிறவங்களுக்குக் குடுக்கிற மாத்திரையாச்சே" என்றாள். எந்த டாக்டர் பார்த்தார்? எப்படிப் போனாய்? மாத்திரையை அனுப்பியிருக்கிறேன். பதில் எழுதும்போது இதற்கும் பதில் எழுது.

அடுத்த வாரம் நான் செர்னிஹிவ் போகிறேன். அலுவலக வேலை. ஒரு போன் வந்தது, அதனால் போக வேண்டியிருக்கிறது. பெரிதாக ஒன்றுமில்லை. திரும்பி வர இரண்டு மூன்று நாள் ஆகலாம்.

ராத்திரியெல்லாம் உங்கள் திசையில் வானம் சிவந்து தெரிகிறது. அது வெர்போவே இல்லை, வேறு ஊர் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பிறகு, அந்த ஊரிலும் யாருக்கோ அக்கா இருப்பாள் என்று தோன்றி வெட்கமாகிவிடுகிறது.

உன்,
யாரினா


ஏப்ரல் 3

அன்புத் தங்கைக்கு,

உயிரோடும் நலமாகவும் இருக்கிறேன். மாட்டுக்கொட்டகையின் கூரை அப்படி இல்லை. ஒரு குண்டு தோட்டத்தில் விழுந்து கூரையைக் கொண்டுபோனது. அதனால்தான் இத்தனை நாள் பதில் எழுதவில்லை. ஸீர்க்காவும் கன்றும் வீட்டு நடையில் என்னோடு படுத்துக்கொள்கிறார்கள். ஆமாம், கன்று பிறந்துவிட்டது, பெண். அந்தச் சத்தத்துக்கு நடுவே பிறந்தும் முதல் வேலையாக மடியைத் தேடிப்போனாள். இவளிடம் கற்றுக்கொள்ள வேண்டும்.

மே மாதம் வரும் நம் ஈஸ்டருக்காக இப்போதே சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கத் தொடங்கியிருக்கிறேன். சிரி, சிரி. இடிந்த கொட்டகைக்குப் பக்கத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு வீடு. பனாஸ் பார்த்துவிட்டு, "அத்தை, விமானத்துக்கு அடையாளம் காட்டுறீங்களா?" என்றான். அடையாளம் காட்டட்டுமே, இங்கே மனுஷி இருக்கிறாள் என்று.

மாத்திரை கிடைத்தது. இன்னும் ஒரு மாதத்துக்கு அனுப்பு. டாக்டர் பெயரெல்லாம் உனக்கு எதற்கு?

செர்னிஹிவில் உனக்கு என்ன அலுவலக வேலை? நம் மாவட்டம் அவ்வளவு தூரம் நீண்டுவிட்டதா? ஆள் யாராவது இருந்தால் சொல்லிவிடு. லெவ்கோவை விட்டுப் பிரிந்து ஆறு வருடம் ஆயிற்று. அவன் போருக்குப் போய்க் காணாமல் போயே ஒன்றரை வருடம். உன்னை யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

உன் அக்கா,
ஒதார்க்கா


ஏப்ரல் 10

அக்கா,

நலம் விசாரிக்க நேரமில்லை, மன்னித்துக்கொள். இதை நிதானமாகப் படி.

எல்லையிலிருந்து யாரும் பள்ளத்து வழியாக ஏறி வராமலிருக்க, நம் படை அங்கே கண்ணிவெடி புதைக்கப் போகிறது. வெர்போவேயிலிருந்து ஸாயாருக்குப் போகும் ஒற்றையடிப் பாதையும் அதில் போகும். ஈஸ்டர் முடிந்த திங்கள்கிழமை தொடங்குகிறார்கள். மறுபக்கம் ஆள் நடமாட்டமே இல்லை என்பதால் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஸாயாரின் மக்கள்தொகை பூஜ்ஜியம் என்று பக்கத்து மாவட்டக் கணக்கில் இருக்கிறது.

நீ மாட்டை அந்தப் பக்கம் மேய்க்கக் கொண்டுபோகிறாய் என்று பனாஸ் சொன்னான். "தினமும் பள்ளத்துல இறங்குறாங்க, கையில பாத்திரம் வேற வச்சிருக்காங்க" என்றான். மாடு மேய்க்க எதற்குப் பாத்திரம்? எனக்குப் பதில் வேண்டாம். பள்ளத்தில் இனி இறங்க மாட்டேன் என்று நம் அப்பாமேல் சத்தியம் செய்து எழுது. அதுபோதும்.

யாரினா


ஏப்ரல் 17

யாரினாவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். சத்தியம் செய்ய மாட்டேன்.

பூஜ்ஜியம் என்று எழுதினவன் எவன்? அவன் ஸாயார் எந்தத் திசையில் இருக்கிறது என்றாவது பார்த்திருப்பானா? நாற்காலியில் உட்கார்ந்து கோடு போட்டான் ஒருத்தன், அதே நாற்காலியில் உட்கார்ந்து பூஜ்ஜியம் போட்டான் இன்னொருத்தன். முன்பு நாமெல்லாம் ஒரே மாவட்டம். ஒரே மருத்துவமனை, ஒரே சந்தை. ஸாயாரில் ஒருத்தி தும்மினால் வெர்போவேயில் கேட்கும். இன்று அவள் செத்தால் எந்த மாவட்டம் புதைக்கும் என்று கேட்பார்கள் போலிருக்கிறது.

அவள் என்று எழுதிவிட்டேன். புதிதாக எழுதப் போவதில்லை, தாளுக்குப் பஞ்சம். மாட்டைச் சொன்னேன் என்று வைத்துக்கொள்.

நீ பெரிய அலுவலகத்தில் இருக்கிறாய். உன்னால் முடியும். பள்ளத்தில் வெடி வைக்கக் கூடாது என்று சொல். காரணம் கேட்டால் என் மாட்டின் மேய்ச்சல் நிலம் என்று சொல். இதற்குமேல் என்னால் எழுத முடியாது. ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டுக் கிழவனும் கிழவியும் போன வியாழன் பேருந்தில் ஏறிவிட்டார்கள். போகும்போது அவர்கள் கதவில் கம்பைச் சாத்தினது நான்தான். இனி வெர்போவேயில் நான் ஒருத்தி. உன் கணக்கில் ஒன்று என்று போட்டுக்கொள்.

ஒதார்க்கா


ஏப்ரல் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நீ பத்திரமாக இருக்க வேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

நீ ஒளித்து வைத்திருப்பது மோத்ரியாவை. மாத்திரை அவளுக்கு. இரண்டாவது ரொட்டி அவளுக்கு. சர்க்கரை இல்லாத டீயைக் குடித்துக்கொண்டு, என் டீயில் நான் போடும் சர்க்கரையை எண்ணின கண்களை நான் மறப்பேனா? "வறண்ட கிணறு" என்று ஊர் கேட்க, குழந்தை இல்லாத என்னைப் பார்த்துக் கத்தி, என் துணிகளை வேலிமேல் வீசினவள். அவளுக்கு என் கையாலேயே மாத்திரை வாங்க வைத்தாய். முந்தாநாள் இது புரிந்தபோது உன்மேல் வந்த கோபத்தில் ஒரு தட்டை உடைத்தேன். பிறகு உட்கார்ந்து அழுதேன்.

எப்படிப் புரிந்தது என்று கேட்பாய். நான் உன்னிடம் சொல்லாததை இப்போது சொல்கிறேன். லெவ்கோ உயிரோடு இருக்கிறான்.

மார்ச் தொடக்கத்தில் கைதிகளை மாற்றிக்கொண்டபோது விட்டுவிட்டார்கள். செர்னிஹிவ் மருத்துவமனையில் இருக்கிறான். சிறையில் அடித்த அடியில் அவனுக்குப் பல விஷயம் மறந்துபோயிருக்கிறது. மனதில் நின்ற போன் நம்பர் ஒன்றே ஒன்று, என்னுடையது. அதனால் எனக்குப் போன் செய்தார்கள். போனேன். கால் இரண்டும் வீங்கி, தாடையெலும்பு தெரிய ஒரு கிழவன் படுத்திருந்தான். அது அவன்தான். நான் திரும்பி வந்துவிடலாம் என்று எழுந்தேன், பிறகு சூப்பை ஊட்டினேன். இதை உனக்கு எழுதினால் நீ சிரிப்பாய் என்று எழுதவில்லை. அதோடு, அவன் அம்மா எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது என்றும் எனக்குத் தெரியவில்லை.

போன ஞாயிறு மறுபடியும் போனபோது கேட்டுவிட்டான். போய்விட்டாள், கதவில் கம்பு சாத்தியிருக்கிறது என்றேன்.  நான் அங்கே போகத் தொடங்கியதிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தான்.

"பின்கதவைப் பாத்தியா?"

"எதுக்கு?"

"அம்மாவுக்கு யாரையாவது பாக்கப் பிடிக்கலன்னா, யாரையாவது விட்டு வெளிய கம்பைச் சாத்தச் சொல்லிட்டு உள்ள கம்முனு உக்காந்துக்குவா. வரி வாங்க வர்றவங்களை அப்படித்தான் விரட்டுவா. உனக்குத் தெரியாதா? நீ எப்படி அந்த வீட்டுல குடும்பம் நடத்தின?"

கம்பைச் சாத்தினது நீ. இல்லையா? நான் எப்போது போவேன் என்று ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்காகத்தான்.

இன்னொன்று. பூஜ்ஜியம் போட்டவன் எவன் என்று கேட்டாயே, நான். கம்பைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது, அக்கா. அவள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்ற நிம்மதி. வீட்டைச் சுற்றிக்கூட வரவில்லை. வண்டியில் ஏறி எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இப்போது அதை அழிக்க என்னால் முடியவில்லை. பக்கத்து மாவட்டத்துக்குப் போன் செய்தேன். "உங்க மாவட்டத்து ஆளு எழுதினதை எங்க கணக்குல சேர்த்தாச்சு. மாத்தணும்னா எங்க ஆளு நேர்ல பாக்கணும். பண்டிகை முடியட்டும்" என்கிறார்கள். பண்டிகை முடிந்தால் வெடி.

மோத்ரியாவிடம் படித்துக் காட்டு. வாக்கை மீறு. மகன் வருவான் என்று அவள் அந்த வீட்டில் உட்கார்ந்திருந்தால், மகன் வந்தாயிற்று என்று சொல். இரண்டு பேரும் புறப்படுங்கள்.

உன் தங்கை,
யாரினா


மே 2

அக்கா,

நலமா? நலமா என்று சத்தமாகக் கேட்கிறேன், சுவர்தான் பதில் சொல்கிறது.

பனாஸைச் சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டு வாரமாக ரொட்டி வண்டி வெர்போவேக்குள் போகவில்லை. போன கடிதத்தைச் சாவடியில் ஒரு சார்ஜெண்டின் கையில் கொடுத்தானாம். "அந்தப் பக்கம் போறப்ப குடுக்கிறேன்" என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டாராம். கொடுத்தாரா? எப்போது அந்தப் பக்கம் போவார்? அவர் பெயரைக்கூட இந்த மடையன் கேட்டு வைக்கவில்லை.

நேற்று அனுமதி கேட்டேன், கிடைக்கவில்லை. இதையும் சாவடியில்தான் கொடுக்கிறேன். பள்ளத்தில் இறங்காதே. இறங்கி அவளைக் கூட்டி வா. எதை எழுதுவது என்றே தெரியவில்லை.

யாரினா


மே 7

அன்புத் தங்கை யாரினாவுக்கு,

உன் அக்கா நான் உயிரோடும் நலமாகவும் இருக்கிறேன். இதை எழுதுவது பக்கத்து மாவட்டத்துத் தலைநகரத்திலிருந்து, ஒரு பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி அறையில், கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே. போனிலும் சொல்லிவிட்டேன். ஆனாலும் நாம் கடிதத்தில் தொடங்கினோம், கடிதத்திலேயே முடிப்போம். அதோடு அழுதுகொண்டே போனில் பேசினால் உனக்கு ஒன்றும் விளங்காது.

சார்ஜெண்ட் உன் கடிதத்தை ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை காலையில் கொண்டுவந்தார். பின்னால் வெடிப் பெட்டிகளோடு ஆட்கள். "முன்னாடியே முடிக்கச் சொல்லி உத்தரவு, அத்தை. இன்னிக்கே ஆரம்பிக்கிறோம்" என்றார். வாசலில் நின்றபடியே கடிதத்தைப் படித்தேன். படித்து முடித்ததும் ஈஸ்டர் ரொட்டியையும் சாயமிட்ட முட்டைகளையும் கூடையில் வைத்துத் துணியால் மூடிக்கொண்டு பள்ளத்தை நோக்கி நடந்தேன். அவர் குறுக்கே வந்து நின்றார்.

"அங்க யாருமில்ல. பூஜ்ஜியம்னு எழுதியிருக்கு."

"அந்தப் பூஜ்ஜியத்துக்குத்தான் ஈஸ்டர் ரொட்டி கொண்டுபோறேன். வழி விடு."

கூடைத் துணியை விலக்கிப் பார்த்தார். பிறகு ஆட்களை நிறுத்திவிட்டு எனக்கு முன்னால் அவரே நடந்தார். மோத்ரியா அத்தை பின்கதவைத் திறந்து சிப்பாயைக் கண்டதும் சாத்தப்போனாள். நான் காலை உள்ளே வைத்துக்கொண்டேன்.

உன் கடிதத்தை உரக்கப் படித்தேன். வறண்ட கிணறு என்பதையும் விடவில்லை. அவள் அதைக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை, சொல்லிவிடுகிறேன். லெவ்கோ உயிரோடு இருக்கிறான் என்ற இடத்தில் கத்துவாள், மயங்குவாள் என்று நினைத்தேன். ஒன்றும் செய்யவில்லை. மேசைத் துணியின் ஓரத்தை மடித்து, நீவி, மறுபடியும் மடித்தாள்.

"யார் நம்பர் ஞாபகம் இருந்துச்சாம்?"

"யாரினாவோடது."

"என்னோடது இல்லையா?"

"இல்ல அத்தை."

மேசைத் துணியிலிருந்து கையை எடுத்தாள். எனக்குப் பள்ளத்துக்கு அப்பால் காத்திருந்த ஆட்கள் நினைவு. பிறகு எழுந்து தலைத்துணியைக் கட்டிக்கொண்டாள். "அப்ப அவனுக்கு வீடு எதுன்னு தெரிஞ்சிருக்கு. நாந்தான் தப்பான வீட்டுல உக்காந்து காத்துக்கிட்டிருந்திருக்கேன்" என்றாள். அவ்வளவுதான். பயணத்துக்கு முன் உட்காரும் வழக்கப்படி மூன்று பேரும் பேசாமல் கொஞ்சம் உட்கார்ந்தோம். சார்ஜெண்டும் துப்பாக்கியை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பள்ளத்தின் மறுமுனையில் அதற்குள் வேறொரு குழு வேலையைத் தொடங்கிவிட்டிருந்தது. திரும்பிப் போக வழியில்லை. ஸாயாரின் மேட்டு வழியாகப் பக்கத்து மாவட்டத்துச் சாலைக்கு நடந்தோம். அத்தையைப் பாதி தூரம் அவர்தான் முதுகில் சுமந்தார். அங்கே பேருந்தில் ஏறப் போனால் ஒரு பெண் தாளைப் புரட்டிவிட்டு, "ஸாயார்ல யாருமே இல்லையே, உங்களை எப்படி ஏத்தறது?" என்கிறாள். மோத்ரியா அத்தை, "இல்லாதவ ஏறினா உன் பேருந்துல எடத்தையா அடைச்சுக்கப் போறா? தள்ளு" என்று ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

வியாழக்கிழமை உன் வீட்டுக்கு வருகிறோம். அவள் உன்னிடம் மன்னிப்புக் கேட்பாள் என்று எதிர்பார்க்காதே. வழியெல்லாம் ஒன்றுதான் சொல்லிக்கொண்டு வந்தாள். "அந்தப் பொண்ணு டீயில அவ இஷ்டத்துக்குச் சர்க்கரை போட்டுக்கட்டும்." அவள் வாயிலிருந்து இதற்குமேல் வராது. வாங்கிக்கொள்.

ஸீர்க்காவையும் கன்றையும் சாவடிக்குக் கொண்டுவந்துவிடுவதாகச் சார்ஜெண்ட் வாக்குக் கொடுத்திருக்கிறார். பனாஸை அனுப்பி வாங்கிக்கொள்ளச் சொல்.

புறப்படும்போது மோத்ரியா அத்தை தன் வீட்டுக் கதவில் கம்பை அவள் கையாலேயே சாத்தினாள். என்னைத் தொட விடவில்லை. இத்தனை நாள் பொய் சொன்ன கம்பு இப்போது உண்மை சொல்கிறது. ஸாயாருக்கு நீ போட்ட பூஜ்ஜியத்தை அழிக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும்.

ஆனால் யாரினா, நான் மதியத்துக்குள் திரும்பிவிடலாம் என்று கூடையோடு மட்டும் வந்தவள். அடுப்பில் சூப்பு இருக்கிறது. சுண்ணாம்பு அடித்த சுவர் ஒரு பக்கம் இன்னும் ஈரம். என் கதவில் நான் கம்பு சாத்தவில்லை. அதனால் வெர்போவேக்கு மட்டும் பூஜ்ஜியம் போட்டுவிடாதே. ஒன்று என்றே இருக்கட்டும்.

உன் அக்கா,
வெர்போவே ஒதார்க்கா